எண்ணும் குழாய்: முப்பது கம்பியும் ஒரு நெருப்புப் புள்ளியும்

எங்க பக்கம் நெல் அளக்கும்போது "ஒண்ணு"ன்னு ஆரம்பிக்க மாட்டாங்க. முதல் மரக்காலுக்கு "லாபம்"னு சொல்லிட்டுத்தான் ரெண்டு, மூணுன்னு போவாங்க. நாமக்கல்ல முட்டை எண்ணுறவங்க ஒவ்வொரு முட்டையா எண்ணுறதே இல்லை. ஒரு அட்டைக்கு 30. அட்டையை எண்ணினாப் போதும். லாரியில் இருக்கிற பழைய கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்திருப்பீங்க. 9 முடிஞ்சு 0 வரும்போது பக்கத்துச் சக்கரம் ஒரு பல் நகரும்.

ஆக, எண்ணுறதுன்னா ரெண்டே வேலைதான். வந்ததை ஒண்ணு கூட்டணும். பத்து ஆனதும் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தகவல் சொல்லிட்டு மறுபடி சுழியத்தில் இருந்து ஆரம்பிக்கணும். இந்த ரெண்டு வேலையையும் ஒரு கண்ணாடிக் குழாய் தனி ஆளா செஞ்ச காலம் ஒண்ணு இருந்தது. டிரான்சிஸ்டரும் ஐசியும் மலிவாகி வீட்டுக்கு வீடு வர்றதுக்கு முன்னாடி. அந்தக் குழாயைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

குழாய் கைக்கு வந்த கதை

சேலத்துல என் மச்சான் ஒருத்தர் பழைய இரும்புக் கடை வெச்சிருக்கார். ஏதோ ஒரு கல்லூரி ஆய்வகத்தைக் காலி பண்ணினப்ப ஏலத்தில் எடுத்த சாமான் மூட்டை கடைக்கு வந்திருக்கு. அதில் கண்ணாடிக் குழாய் மூணு. ஊருக்குப் போயிருந்தப்ப கூப்பிட்டுக் காட்டினார்.

"மாப்ள, நீதான் பொட்டி தட்டுறவனாச்சே. இது ரேடியோ வால்வா, என்னன்னு பாத்துச் சொல்லு. கண்ணாடி எடைக்குப் போடறதா, எடுத்து வெக்கறதா?"

நான் ஆபீஸ்ல புடுங்குறது ஜாவா ஆணி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை :-) ஆனாலும் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவனாச்சே, விட முடியுமா? மூணையும் துணியில் சுத்தி எடுத்துட்டு வந்தேன். கூடவே அது செருகியிருந்த தகரப் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கிட்டேன். குழாய் என்ன பேருன்னு சொல்லலைன்னாலும், அது உக்காந்திருந்த பெட்டி சொல்லிடும். பழைய சாமான் தேடுறவங்க இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க: குழாயை மட்டும் பிடுங்கிட்டு பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

கண்ணாடி மேல அச்சடிச்சிருந்தது பெரும்பாலும் அழிஞ்சு போச்சு. ஒரு குழாயில் மட்டும் "10"ங்கிற எண் மங்கலா தெரிஞ்சது.

எண்ணும் குழாயில் எத்தனை சாதி

அடையாளம் கண்டுபிடிக்க முன்னாடி, "எண்ணும் குழாய்"னு சொன்னா அது எதையெல்லாம் குறிக்கும்னு பாத்துடலாம். ஏன்னா இங்கதான் குழப்பம் ஆரம்பம்.

முதல் வகை, வந்ததைப் *பிடிக்கிற* குழாய். 1928ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஹான்ஸ் கைகரும் வால்தர் முல்லரும் செஞ்சது. கதிர்வீச்சுத் துகள் ஒண்ணு உள்ளே புகுந்தா ஒரு மின்துடிப்பு வெளியே வரும். ஜெர்மன் மொழியில் இதுக்குப் பேரே "எண்ணும் குழாய்"னுதான் அர்த்தம். ஆனா உண்மையில் இது எண்ணாது. "ஒண்ணு வந்துச்சு, ஒண்ணு வந்துச்சு"ன்னு கத்தும், அவ்வளவுதான். எத்தனை வந்துச்சுன்னு வேற யாராவது கணக்கு வெச்சுக்கணும்.

ரெண்டாவது வகை, அந்தக் கணக்கை *வைக்கிற* குழாய். இதில் முக்கியமா மூணு உண்டு.

டெக்கட்ரான்: நாட்டிங்ஹாம் பக்கத்தில் பீஸ்டனில் இருந்த எரிக்சன் டெலிபோன்ஸ் கம்பெனியின் சரக்கு. 1950ல் பேக்கன், பொல்லார்ட் என்ற இருவர் இதைப் பத்திக் கட்டுரை வெளியிட்டாங்க. உள்ளே வாயு இருக்கும். சூடாக்கும் இழை கிடையாது.

இ1டி: ஃபிலிப்ஸ் கம்பெனி செஞ்சது. உள்ளே வெற்றிடம். எலக்ட்ரான் கற்றை பத்து இடங்களில் ஏதாவது ஒண்ணில் நிலைச்சு நிக்கும். குழாயின் பக்கவாட்டில் 0 முதல் 9 வரை எழுதியிருக்கும், அந்த எண்ணுக்கு நேரா பச்சையா ஒரு கோடு ஒளிரும்.

ட்ரோக்கோட்ரான்: ஸ்வீடனில் ஹான்னெஸ் ஆல்ஃபேன் செஞ்ச ஆராய்ச்சியில் பிறந்தது. காந்தப்புலத்தையும் மின்புலத்தையும் குறுக்கே வெச்சு எலக்ட்ரானைச் சுத்த விடும். வேகத்தில் மத்த ரெண்டையும் தூக்கிச் சாப்பிடும். இதே ஆல்ஃபேன் 1970ல் வேற வேலைக்காக இயற்பியல் நோபல் வாங்கினார்.

இவங்க கூட்டத்தில் எல்லாரும் தப்பா சேர்க்கிற ஒருத்தர் நிக்ஸி குழாய். 1950களின் நடுவில் அமெரிக்காவில் பர்ரோஸ் கம்பெனி பிரபலப்படுத்தினது. எண் வடிவத்தில் வளைச்ச கம்பிகள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அடுக்கியிருக்கும். பாக்க ரொம்ப அழகு, இப்ப கடிகாரம் செய்யறவங்க போட்டி போட்டு வாங்குறாங்க. ஆனா அது எண்ணாது. வேற யாரோ எண்ணிச் சொன்னதைக் காட்டும்.

துப்பறியும் வேலை

முதல் சோதனைக்கு மல்டிமீட்டர் போதும். பின்களுக்கு நடுவே ரெண்டு ரெண்டா வெச்சுப் பார்த்தேன். எங்கேயும் குறைஞ்ச மின்தடை காட்டலை. அப்படின்னா உள்ளே சூடாக்கும் இழை இல்லை. இந்த ஒரே சோதனையில் ரேடியோ வால்வு, இ1டி, ட்ரோக்கோட்ரான் மூணும் அவுட். மூணுக்கும் சூடான கேத்தோடு வேணும்.

ரெண்டாவது, மேலே இருந்து உள்ளே பார்த்தேன். எண் வடிவக் கம்பி எதுவும் இல்லை. ஆக நிக்ஸியும் அவுட். நடுவில் வட்டமா ஒரு தகடு. அதைச் சுத்தி வேலி போட்ட மாதிரி மெல்லிய கம்பிகள் நிக்குது. கைபேசியில் படம் எடுத்துப் பெருசு பண்ணி எண்ணினேன். முப்பது. ஒரு அட்டை முட்டை!

இந்த முப்பதுதான் டெக்கட்ரானின் கைரேகை. ஏன் பத்து எண்ணுறதுக்கு முப்பது கம்பி? முட்டை அட்டையை வெச்சே சொல்றேன். முப்பது குழியையும் வட்டமா அடுக்கினதா நினைச்சுக்கங்க. மூணு மூணா பிரிச்சா பத்துக் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் குழி "வீடு", அடுத்த ரெண்டும் "வழி". குழாய்க்குள் நியான் வாயு இருக்கிறதால், ஏதாவது ஒரு கம்பியின் நுனியில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி ஒளிரும். அது வீட்டில் உக்காந்திருக்கு. வெளியே இருந்து ஒரு துடிப்பு வந்ததும், முதல் வழிக் கம்பியின் மின்னழுத்தத்தை இறக்குவாங்க. புள்ளி அங்கே தாவும். உடனே ரெண்டாவது வழிக் கம்பியை இறக்குவாங்க. அங்கே தாவும். ரெண்டையும் விட்டுட்டா பக்கத்து வீட்டுக்குப் போய் உக்காந்துக்கும். ஒரு துடிப்புக்கு ஒரு வீடு.

வழி ஏன் ரெண்டு? ஒண்ணு மட்டும் இருந்தா புள்ளி முன்னாடி போறதா பின்னாடி போறதான்னு தெரியாம முழிக்கும். ரெண்டு இருந்தா எந்த வழியை முதல்ல இறக்குறோமோ அந்தத் திசையில் போகும். வரிசையை மாத்தினா பின்னோக்கிச் சுத்தும். அதாவது கூட்டவும் செய்யும், கழிக்கவும் செய்யும். ஒரு கண்ணாடிக் குழாய்க்கு இது அதிகம்தான்!

பத்து வீடும் சுத்தி சுழிய வீட்டுக்கு வந்ததும், அந்த ஒரு கம்பியில் இருந்து மட்டும் தனியா வெளியே ஒரு பின் வருது. அதில் கிடைக்கிற துடிப்பைப் பெருக்கி அடுத்த குழாய்க்குக் கொடுத்துட்டா, அது பத்துகளை எண்ணும். அதுக்கு அடுத்தது நூறுகளை.

மூணாவது சோதனை, அடிப்பக்கம். எட்டு பின், நடுவில் சாவி மாதிரி ஒரு முளை. ஆக்டல் பேஸ். டெக்கட்ரானில் ரெண்டு ரகம் உண்டு. பத்து வீட்டுக்கும் தனித்தனி பின் கொடுத்தா "செலக்டர்", எந்த எண்ணில் வேணும்னாலும் வேலை வாங்கலாம். சுழியத்துக்கு மட்டும் தனிப் பின் கொடுத்து மீதி ஒன்பதையும் உள்ளேயே சேர்த்துட்டா "கவுன்ட்டர்". எட்டு பின்னில் பத்து வீடு அடங்காது. அதனால நம்ம கையில் இருக்கிறது கவுன்ட்டர்.

கண்ணாடியில் மிஞ்சியிருந்த "10", முப்பது கம்பி, ஆக்டல் அடி. எல்லாம் சேர்ந்து காட்டுறது எரிக்சனின் ஜிசி10பி குடும்பத்தை. ஜி வாயுவுக்கு, சி கவுன்ட்டருக்கு, 10 வீடுகளின் எண்ணிக்கைக்கு. இதுக்கு இணையானதை மல்லார்ட் இசட்303சி-ன்னு வித்தாங்க. சோவியத் நாட்டிலும் ஓஜி-4 மாதிரி சொந்த டெக்கட்ரான்கள் உண்டு. ஜிசி10பி வினாடிக்கு 4,000 துடிப்பு வரைக்கும் தாங்கும்.

கடைசியா பெட்டி. முகப்பில் மூணு வட்ட ஜன்னல், ஒவ்வொண்ணைச் சுத்தியும் 0 முதல் 9 வரை பொறிச்சிருக்கு. டெக்கட்ரானின் கண்ணாடியில் எண் இருக்காது, பெட்டியில்தான் இருக்கும். வலது பக்கம் இயந்திர எண்ணி ஒண்ணு. கீழே சில நூறு வோல்ட் வரைக்கும் கூட்டிக் குறைக்கிற ஒரு குமிழ். அந்தக் குமிழ் போதும் எனக்கு. அது கைகர்-முல்லர் குழாய்க்கு மின்னழுத்தம் கொடுக்கிற குமிழ். ஆக, இந்தப் பெட்டியில் ஒரு காலத்தில் ரெண்டு வகை எண்ணும் குழாயும் சேர்ந்து வேலை செஞ்சிருக்கு. பிடிக்கிறவன் ஒருத்தன், கணக்கு எழுதுறவன் ஒருத்தன். இயற்பியல் எம்எஸ்சி மாணவர்கள் கதிர்வீச்சை எண்ணின பெட்டி.

ஏன் இது தேவைப்பட்டது

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1910 வாக்கில், ரூதர்ஃபோர்டின் மான்செஸ்டர் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் துகள்களைக் கண்ணால்தான் எண்ணினாங்க. இருட்டறையில் கண் பழகுற வரைக்கும் காத்திருந்து, துத்தநாக சல்ஃபைடு திரையில் விழுற மினுக்கல்களை நுண்ணோக்கி வழியா பாத்து ஒவ்வொண்ணா எண்ணணும். அணுவுக்கு உட்கரு இருக்குன்னு உலகம் தெரிஞ்சுக்கிட்டது இந்த எண்ணிக்கையை வெச்சுத்தான்.

கைகர்-முல்லர் குழாய் வந்ததும் கண்ணுக்கு விடுதலை. ஆனா துடிப்புகள் வர்ற வேகத்துக்கு இயந்திர எண்ணியின் பல் சக்கரம் ஈடு கொடுக்கலை. 1930களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வின்-வில்லியம்ஸ் தைரட்ரான் வால்வுகளை வெச்சு, ரெண்டு துடிப்புக்கு ஒண்ணு மட்டும் வெளியே விடுற சுற்று செஞ்சார். அதையே அடுக்கினா நாலுக்கு ஒண்ணு, எட்டுக்கு ஒண்ணு. சிக்கல் என்னன்னா, விளக்குகளைப் பாத்து 1, 2, 4, 8னு கூட்டிக்கிட்டே உக்காந்திருக்கணும். நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு இரும எண் பழக்கம். ஆய்வகத்தில் நோட்டில் எழுதுறவருக்குப் பத்துதான் வசதி. டெக்கட்ரான் ஜெயிச்சது அதனாலதான். எண்ணுறதும் அதுவே, காட்டுறதும் அதுவே.

இதை வெச்சு கணினியே கட்டினாங்க. இங்கிலாந்தில் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1951ல் ஓட ஆரம்பிச்ச கணினியில் 828 டெக்கட்ரான். ஒரு பெருக்கலுக்குப் பல வினாடி எடுத்துக்கும், ஆமை வேகம். ஆனா நம்பி விட்டுட்டுப் போகலாம், ராத்திரி பகலா தப்பில்லாம ஓடும். 1957ல் வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு கல்லூரிக்குப் பரிசாப் போய் 1973 வரைக்கும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கத்துக்கொடுத்தது. 2012ல் பிளெட்ச்லி பார்க்கில் அதை மறுபடி உயிர்ப்பிச்சு ஓட விட்டாங்க. 1961ல் வந்த, உலகத்தின் முதல் முழு எலக்ட்ரானிக் மேசைக் கணக்குப்பொறியிலும் டெக்கட்ரான் உண்டு. அதுக்குப் பேர் அனிதா. நம்ம ஊர்ப் பொண்ணு பேர் மாதிரியே இருக்குல்ல?

நம்ம பக்கத்து எண்ணிக்கை

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை. நம்ம பக்கம் யாரு எதை எண்ணினாங்கன்னு கேக்குறீங்களா? சேலத்துக்கு வடக்கே, தமிழ் பேசுற தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையா இறங்கின கோலார் தங்கவயல் இருக்கே, அங்கே போகணும்.

வானத்தில் இருந்து மியூவான் என்ற துகள் நம்ம மேல விழுந்துகிட்டே இருக்கு. தரை மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒண்ணு. சராசரி முட்டை அட்டையை வெயிலில் வெச்சா, நிமிஷத்துக்குச் சுமார் 900 மியூவான் அதைத் துளைச்சுட்டுப் போகும். பூமிக்குள் இறங்க இறங்க இது குறையும். எவ்வளவு குறையும்னு அளக்க, டாடா அடிப்படை ஆய்வுக் கழகத்தில் இருந்து ஹோமி பாபா 1951ல் பி.வி. ஸ்ரீகண்டனை தங்கவயலுக்கு அனுப்பினார். சுரங்கத்துக்குள் கைகர் குழாய்களோடு இறங்கினார் மனுஷன்.

அடுத்த கட்டம் 1960களின் தொடக்கம். மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி மூணு பேரும் இன்னும் ஆழமான மட்டங்களில் எண்ணினாங்க. ஆழம் கூடக் கூட எண்ணிக்கை சரிஞ்சுக்கிட்டே வந்தது. ஆகக் கீழே, இரண்டே முக்கால் கிலோமீட்டர் ஆழத்தில், வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரலை. எண்ணிக்கை: சுழியம்.

வெளியாள் பாத்தா "இதுக்கா இவ்வளவு பாடு?"ம்பான். ஆனா இந்தச் சுழியம்தான் அவங்களுக்குக் கிடைச்ச புதையல். வேற எந்தச் சத்தமும் இல்லாத இடம் கிடைச்சாச்சு, இனி இங்கே ஏதாவது ஒண்ணு எண்ணிக்கையில் ஏறினா அது பூமியையே துளைச்சுட்டு வர்ற நியூட்ரினோவால் வந்ததா இருக்கணும்னு முடிவு பண்ணினாங்க. இந்தியா, ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகள் சேர்ந்து ஒளிர்பொருள் கருவிகளும் நியான் மினுக்கு குழாய்களும் வெச்சாங்க. வளிமண்டல நியூட்ரினோவைப் பிடிச்ச செய்தி 1965 ஆகஸ்டில் வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் இருந்து இன்னொரு குழுவும் அதே மாதம் அறிவிச்சது. உலகத்தில் இந்த ரெண்டு இடம்தான் முதல்.

அப்புறம் 1980ல் புரோட்டான் சிதையுதான்னு பார்க்க சுமார் 1,600 சதுர இரும்புக் குழாய்களை அடுக்கி 140 டன்னில் ஒரு கருவி வெச்சாங்க. அதுவும் எண்ணும் குழாய் வம்சம்தான். 1992ல் ஆராய்ச்சி நின்னது, 2001ல் சுரங்கமும் மூடிட்டாங்க. ஆனா வம்சம் அழியலை. ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் அதே மாதிரி சதுரக் குழாய்கள் 3,712 அடுக்கி மியூவானை எண்ணிக்கிட்டு இருக்காங்க.

தங்கவயல் கதையை ஏன் சொன்னேன்னா, அங்கே அவங்களுக்குத் தெரியும்: எண்ணி கொடுக்கிற எண்ணைவிட, அந்த எண்ணி எது, எதை எண்ணுதுன்னு தெரிஞ்சிருக்கிறதுதான் முக்கியம். கருவி கெட்டுப் போனதால் சுழியம் வந்ததா, உண்மையிலேயே துகள் வரலையான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாதவனுக்கு அந்தச் சுழியத்தால் பைசா பிரயோஜனம் இல்லை.

அடையாளம் தெரியாத சாமான்

இதை எழுத உக்காந்ததுக்கு உண்மையான காரணம் இனிமேல்தான்.

2010ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் பல வருஷமா யாரும் தொடாம கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியை ஏலம் விட்டாங்க. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதை உடைச்சுப் பிரிச்சாங்க. பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க, ஒருத்தர் செத்துப் போனார். அவர் இரும்புக் கடைத் தொழிலாளி. என் மச்சான் கடையில் வேலை பாக்குறவங்களைப் போல ஒருத்தர். விலை கொடுத்து வாங்கினவங்களுக்கும் சரி, உடைச்சவங்களுக்கும் சரி, அது என்னன்னு தெரியாது.

என் கைக்கு வந்த பெட்டியில் அந்த மாதிரி ஆபத்து எதுவும் இல்லை. கைகர் குழாயும் இல்லை, கதிரியக்க மூலமும் இல்லை. ஆனா இந்தப் பெட்டி எதுக்கு ஆனதுன்னு தெரிஞ்சதும் நான் முதல்ல செஞ்சது மச்சானுக்குப் போன் போட்டதுதான். "மாமன் மச்சான்னு விளையாட்டா சொல்லலைங்க. அந்த மூட்டையில் கனமான ஈயக் குண்டு, ஈயப் பெட்டி, மூணு இதழ் மாதிரி குறி போட்ட டப்பா ஏதாவது இருந்தா உடைக்காதீங்க. பசங்களையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க"ன்னேன். தேடிப் பாத்துட்டு, அப்படி எதுவும் வரலைன்னு சொன்னப்பதான் மூச்சு வந்தது. கதிரியக்கக் குறி இருந்தா அதைத் தொடாம அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் சொல்லணும், எடைக்குப் போடக்கூடாது.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: கண்ணாடி எடைக்குப் போட்டா மூணு குழாயும் சேர்ந்து ஒரு டீக் காசுக்குக்கூடத் தேறாது. எடுத்து வெச்சா, நம்ம ஊர்ப் பிள்ளைங்க அணுவை எண்ணிப் படிச்சதுக்கு ஒரு சாட்சி. மச்சான் பெருந்தன்மையா "நீயே வெச்சுக்க மாப்ள"ன்னுட்டார்.

சேலம், நாமக்கல் பக்கம் பழைய கல்லூரிகளில் படிச்சவங்க, அங்கே வேலை பாக்குறவங்க, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் மூலையில் கிடக்கிற பழைய பெட்டிகளை ஏலம் விடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. நாலு பக்கமும் படம் எடுங்க. பின்பக்கத் தகட்டில் இருக்கிற பேர், எண், இருப்புப் பதிவேட்டில் எந்த வருஷம் வாங்கினதுன்னு இருக்கிற ஒரு வரி, இதை மட்டும் எழுதி வெச்சுக்கங்க. சர்வீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். அவர்கிட்ட கேட்டா பாதி கதை அங்கேயே கிடைச்சுடும். கண்ணாடியில் இருக்கிற அச்சு விரல் பட்டாலே அழியும். அந்த மனுஷங்களுக்கும் வயசாகிக்கிட்டே போகுது.

டிஸ்கி: டெக்கட்ரானை எரிய விட 400 வோல்ட்டுக்கு மேல வேணும். ஆளைக் கொல்லுற மின்சாரம். பழக்கம் இல்லாதவங்க முயற்சி பண்ணாதீங்க. அனுபவம் உள்ள நண்பர் ஒருத்தரை வெச்சு எங்க மூணு குழாயையும் எரிய விட்டோம். ரெண்டு ஒழுங்கா சுத்துது. ஒண்ணில் புள்ளி ஒரே வீட்டில் முரண்டு பிடிச்சுது. ஒரே இடத்தில் ரொம்ப நேரம் ஒளிர விட்டா டெக்கட்ரானுக்கு இந்த வியாதி வருமாம். மருந்து ஒண்ணுதான், விடாம சுத்த விடறது. ரெண்டு நாள் சுத்த விட்டதில் இப்ப அதுவும் எண்ணுது.